12 வயதில் ரயிலில் பேப்பர் பையன்... பள்ளியை விட்ட எடிசன் எங்கே, எப்படிப் படித்தார்?

வாட்ஸ்அப்பில் இந்தக் கதை உங்களுக்கும் வந்திருக்கும். சிறுவன் எடிசன் பள்ளியில் இருந்து ஒரு கடிதம் கொண்டு வருகிறான். அம்மா கண்ணீரோடு அதைப் படித்துக் காட்டுகிறார். மகன் பெரிய மேதை, அவனுக்குச் சொல்லிக்கொடுக்க இந்தப் பள்ளியில் ஆள் இல்லை என்று அதில் எழுதியிருப்பதாகச் சொல்கிறார். அம்மா இறந்து பல வருடம் கழித்து, எடிசன் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்கிறார். உள்ளே இருந்ததோ, மகனுக்கு மூளை சரியில்லை, பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்ற வரி.

கேட்கவே நெகிழ்ச்சியா இருக்கு. ஆனால் இது உண்மை இல்லை. அப்படி ஒரு கடிதம் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. உண்மையில் நடந்தது இதைவிட சுவாரசியமான கதை. இன்றைக்கு 6, 7, 8-ஆம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் வயதில், ஒரு பையன் தானே தொழில் நடத்தி, அதிலிருந்தே பாடம் படித்த கதை அது. விரிவாகப் பார்க்கலாம்.

பள்ளியில் என்னதான் நடந்தது?

தாமஸ் ஆல்வா எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி 11, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள மிலன் என்ற ஊரில். ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. வீட்டில் கூப்பிடும் பெயர் 'ஆல்'. 1854-ல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரன் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே பள்ளியில் சேர்த்தார்கள். பையன் ஓயாமல் கேள்வி கேட்பான், பாடத்தில் கவனம் இருக்காது. ஒருநாள் ஆசிரியர் அவனை மூளை குழம்பியவன் என்று இன்னொருவரிடம் சொன்னது அவன் காதிலேயே விழுந்துவிட்டது. கடிதம் எல்லாம் கிடையாது. நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அழுதான். அம்மா நான்சி பள்ளிக்கே போய் ஆசிரியரிடம் சண்டை போட்டுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இது எடிசனே பிற்காலத்தில் சொன்ன தகவல். அம்மா எதையும் மறைக்கவில்லை. என்ன நடந்தது என்று அவனுக்கு அப்போதே தெரியும்.

நான்சி கல்யாணத்துக்கு முன்பு ஆசிரியையாக இருந்தவர். வீட்டிலேயே பாடம் ஆரம்பமானது. மனப்பாடம் இல்லை, நிறைய வாசிப்பு. அந்த நாட்களில் பையன் கைக்கு வந்த ஒரு புத்தகம் முக்கியமானது. பார்க்கர் என்பவர் பள்ளி மாணவர்களுக்காக எழுதிய இயற்பியல் நூல் அது. வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் அதில் இருந்தன. புத்தகத்தில் சொன்னது உண்மைதானா என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆரம்பித்தான்.

வீட்டின் நிலவறையில் பாட்டில்கள் வரிசை கட்டின. யாரும் தொடக்கூடாது என்று எல்லாவற்றின் மேலும் விஷம் என்று எழுதி ஒட்டிவைத்தான். ரசாயனம் வாங்கக் காசு வேண்டுமே? கதையே அங்கேதான் தொடங்குது.

முதல் வியாபாரம்: காய்கறி வண்டி

வீட்டு நிலத்தில் விளைந்த காய்கறிகளைக் குதிரை வண்டியில் ஏற்றி, ஊருக்குள் வீடு வீடாக விற்பதுதான் அவனுடைய முதல் தொழில். வருமானம் வந்தது. ஆனால் வெயிலில் மண்ணைக் கொத்தும் வேலை அவனுக்குப் பிடிக்கவில்லை.

1859-ல் போர்ட் ஹூரனில் இருந்து டெட்ராய்ட் நகரத்துக்கு கிராண்ட் டிரங்க் ரயில்பாதை வந்தது. சுமார் 100 கிலோமீட்டர் தூரம். அந்த ரயிலில் பேப்பர், மிட்டாய், பழம் விற்க அனுமதி கேட்டான் 12 வயது ஆல். அம்மாவுக்கு மனசே இல்லை. கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதம் வாங்கினான்.

இதில் சம்பளம் கிடையாது என்பதைக் கவனியுங்கள். ரயில்வே கொடுத்தது விற்கும் அனுமதி மட்டும்தான். சரக்கைச் சொந்தக் காசில் வாங்கணும். விற்றால் லாபம், விற்காமல் மீந்தால் நஷ்டம் அவனுக்கே. காலை 7 மணிக்கு ரயில் கிளம்பும். திரும்பி வரும்போது இரவு 9 மணி தாண்டிவிடும். வரும் காசில் தினமும் ஒரு டாலர் அம்மாவிடம் கொடுத்துவிடுவான். மீதியில் ரசாயனமும் புத்தகமும் வாங்குவான்.

13 வயதில் ஆள் வைத்து வேலை!

சில மாதங்களிலேயே பையனுக்கு ஒரு விஷயம் புரிந்தது. தான் ஒருத்தன் கையால் விற்றால் ஓர் அளவுக்கு மேல் வருமானம் ஏறாது. உடனே போர்ட் ஹூரனில் இரண்டு கடை போட்டான். ஒன்றில் பத்திரிகைகள், இன்னொன்றில் காய்கறி, வெண்ணெய், பழங்கள். இரண்டையும் பார்த்துக்கொள்ள இரண்டு பையன்கள். அவர்களுக்கு லாபத்தில் பங்கு.

டெட்ராய்ட் சந்தையில் காய்கறி நல்ல தரமாகக் கிடைத்தது. அதைக் கூடை கூடையாக வாங்கி ரயிலிலேயே கொண்டு வருவான். சரக்குக் கட்டணம் யாரும் கேட்கவில்லை. வரும் வழியில் உள்ள ஊர்களில் விவசாயிகளிடம் வெண்ணெயும் பழமும் வாங்குவான். ரயில்வே ஊழியர்களின் மனைவிமாருக்குக் குறைந்த விலையில் கொடுப்பான். அதனால்தானோ என்னவோ, அவன் கூடைகளைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவே இல்லை.

எல்லாமே வெற்றியா? இல்லை. பத்திரிகைக் கடையைக் கொஞ்ச நாளிலேயே மூட வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துக்கொண்ட பையனை நம்ப முடியவில்லை. காய்கறிக் கடை மட்டும் தொடர்ந்தது. எது ஓடுது, எது ஓடலை, யாரை நம்பலாம், யாரை நம்ப முடியாது... இது எல்லாமே 15 வயதுக்குள் கையில் காசு போட்டுக் கற்றுக்கொண்டது.

டெட்ராய்ட்டில் ரயில் திரும்பிக் கிளம்பப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நகரத்தின் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். ரயிலின் சாமான் பெட்டியில் காலியாகக் கிடந்த ஒரு மூலையில், தன் ரசாயனப் பாட்டில்களையும் கொண்டுவந்து அடுக்கிவிட்டான். ஓடும் ரயிலில் ஒரு சோதனைக்கூடம்!

திருப்புமுனை: அந்த ஏப்ரல் நாள்

1862 ஏப்ரல். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஷைலோ என்ற இடத்தில் இரண்டு நாள் நடந்த சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து 23,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். டெட்ராய்ட்டில் பேப்பர் அலுவலகம் முன்னால் ஜனம் முண்டியடித்துக்கொண்டு நின்றது. அப்போது ஆலுக்கு வயது 15.

சாதாரணமாக அவன் ஒரு நாளைக்கு எடுப்பது 100 பேப்பர் போல. இன்றைக்கு அது போதாது என்று புரிந்தது. ஆனால் வழியில் உள்ள ஊர்க்காரர்களுக்குச் சண்டை நடந்ததே தெரியாதே? அப்புறம் எப்படி வாங்குவார்கள்?

அங்கேதான் அவன் மூளை வேலை செய்தது. டெட்ராய்ட் ஸ்டேஷன் தந்தி ஊழியரிடம் ஓடினான். வழியில் உள்ள எல்லா ஸ்டேஷனுக்கும் சண்டைச் செய்தியைச் சுருக்கமாகத் தந்தி அடித்து, ரயில் நேரம் எழுதும் கரும்பலகையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள் என்று கேட்டான். பதிலுக்குச் சில மாதங்களுக்குப் பத்திரிகைகள் இலவசம் என்று பேரம் பேசினான். தந்தி ஊழியரும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த பிரச்சினை, காசு. கையில் இருந்தது 300 பேப்பருக்குத்தான். கேட்டதோ 1,000. கடன் தர மறுத்தார்கள். தயங்காமல் மாடி ஏறி, டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் பத்திரிகையின் ஆசிரியர் வில்பர் ஸ்டோரியையே நேரில் பார்த்து விஷயத்தைச் சொன்னான். கடனுக்கு 1,000 பேப்பர் கிடைத்தது.

பிறகு நடந்ததை எடிசன் தன் கடைசிக் காலம் வரை ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கணக்கு இது:

- யூடிகா: வழக்கமாக 2 பேப்பர் போகும் சின்ன ஸ்டேஷன். அன்று 35 போனது.

- மவுண்ட் கிளெமென்ஸ்: வழக்கமாக 6 முதல் 8 வரை. அன்று கூட்டத்தைப் பார்த்ததும் 5 சென்ட் பேப்பரை 10 சென்ட்டாக ஏற்றினான்.

- போர்ட் ஹூரன்: ஊருக்குள் போய்ச் சேரும்போது விலை 25 சென்ட். ஒரு பேப்பர்கூட மிச்சமில்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிட்டு உயிரோடு இருக்கானா இல்லையா என்று தவிக்கும் குடும்பங்கள்தான் அந்தக் கூட்டம். அவர்களிடம் ஐந்து மடங்கு விலை வாங்கியது சரியா? வியாபார சாமர்த்தியம் என்று பாராட்டுபவர்களும் உண்டு, முகம் சுளிப்பவர்களும் உண்டு. பள்ளியில் இந்தக் கதையைச் சொல்லும்போது மாணவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

ஆனால் அவன் அந்த நாளில் எடுத்துக்கொண்ட முக்கியமான பாடம் வேறு. கம்பி வழியாகப் போன நாலு வரிச் செய்தி, பேப்பர் வருவதற்கு முன்பே ஊரையே ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. தந்தி கற்றுக்கொண்டே ஆகணும் என்று அன்றே முடிவு பண்ணிவிட்டான்.

சொந்தமாகவே ஒரு பத்திரிகை

அடுத்தவர் பத்திரிகையை விற்றது போதும் என்று தோன்றியதோ என்னவோ, அதே 1862-ல் சின்ன அச்சு இயந்திரம் ஒன்றும், பழைய அச்செழுத்துகளும் வாங்கினான். சாமான் பெட்டியிலேயே அச்சுக்கூடம். பத்திரிகையின் பெயர் வீக்லி ஹெரால்டு. நிருபர், ஆசிரியர், அச்சுக் கோப்பவர், விற்பனையாளர் எல்லாமே ஒரே ஆள், வயது 15.

பெரிய பத்திரிகையில் வராத செய்திதான் இதில் வரும். ரயில் நேரம், சந்தை விலை, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எந்த ரயில்வே ஊழியருக்குப் பதவி உயர்வு... இப்படி. மாதச் சந்தா 8 சென்ட். 400 பிரதிகளுக்கு மேல் போனது. தன் வாசகர் யார், அவர்களுக்கு என்ன வேணும் என்பதை எழுதித்தான் கற்றுக்கொண்டான். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு ஊர் வம்புகளைக் கிண்டலாக எழுதும் இன்னொரு பத்திரிகையை ஆரம்பித்தான். அதில் அடிபட்ட ஒருவர் கோபத்தில் பையனைத் தூக்கி ஆற்றில் போட்டுவிட்டார். அதோடு பத்திரிகைத் தொழிலுக்கு முற்றுப்புள்ளி!

தீ விபத்து... செவித்திறன்... அந்த வயதில் கொடுத்த விலை

ஒருநாள் ரயில் குலுங்கியதில் பாஸ்பரஸ் குச்சி ஒன்று கீழே விழுந்து தீப்பிடித்தது. பெட்டியின் தரை எரிய ஆரம்பித்தது. ஓடிவந்து அணைத்த ரயில் கண்டக்டருக்குக் கையில் காயம். அடுத்த ஸ்டேஷனிலேயே பாட்டில், அச்சு இயந்திரம், பையன் எல்லாவற்றையும் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டார். நியாயம்தானே? பயணிகள் இருக்கும் ரயில் அது.

கண்டக்டர் அறைந்த அறையில்தான் எடிசனுக்குக் காது போனது என்று பரவலாகச் சொல்கிறார்கள். எடிசன் சொன்னது வேறு. ஓடும் ரயிலில் ஏறத் திணறியபோது ஒருவர் காதைப் பிடித்துத் தூக்கினார், அப்போது உள்ளே ஏதோ அறுந்தது போல இருந்தது என்றார். சிறு வயதில் வந்த காய்ச்சலும் காது நோயும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. எது எப்படியோ, பதின்ம வயதில் இருந்தே அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 12 வயதுப் பிள்ளை தினமும் 14 மணி நேரம் வெளியில் இருப்பது இன்றைய சட்டப்படி ஏற்க முடியாத விஷயம். இந்தியாவில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு வைப்பது குற்றம். பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. அதனால் எடிசன் மாதிரி பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்பது இந்தக் கதையின் பாடம் கிடையாது.

தந்தி கற்றுக்கொடுத்த தகப்பன்

அதே 1862-ல் மவுண்ட் கிளெமென்ஸ் ஸ்டேஷனில் ஒரு சம்பவம். தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை நோக்கி ஒரு சரக்குப் பெட்டி உருண்டு வந்தது. கையில் இருந்த பேப்பரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து போய்க் குழந்தையைத் தூக்கினான் ஆல். அது ஸ்டேஷன் அதிகாரி ஜேம்ஸ் மெக்கன்சியின் மகன். நன்றிக்கடனாக மெக்கன்சி அவனுக்கு ரயில்வே தந்தி முறையை முழுசாகக் கற்றுக்கொடுத்தார்.

பலர் இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். ஆனால் அதற்கு முன்பே நண்பன் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் கம்பி இழுத்து, சொந்தமாகத் தந்தி செய்து பார்த்தவன் அவன். தானாகக் கற்றவனுக்கும் ஒரு கட்டத்தில் குரு தேவைப்பட்டார். குரு கிடைத்தபோது என்ன கேட்கணும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

முதல் காப்புரிமை... முதல் தோல்வி

அடுத்த சில வருடங்கள் ஊர் ஊராகத் தந்தி வேலை. 1868-ல் பாஸ்டன். அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கிய மைக்கேல் ஃபாரடேயின் நூல்களை விழுந்து விழுந்து படித்தார். ஃபாரடேயும் பெரிய பள்ளிப் படிப்பு இல்லாதவர்தான்.

1869 ஜூன் 1-ஆம் தேதி எடிசனுக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளை மின்சாரம் மூலம் நொடியில் எண்ணும் கருவி. பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் வாங்க ஆளே இல்லை! வாக்கெடுப்பு மெதுவாக நடக்கும்போதுதான் பேரம் பேசி மனம் மாற்ற நேரம் கிடைக்கும், வேகமான வாக்கெடுப்பு அரசியல்வாதிகளுக்கு வேண்டாத பொருள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரயிலில் பேப்பர் விற்ற பையனுக்கு நன்றாகத் தெரிந்த பாடம் இது. முதலில் வாங்குபவரைப் பார், அப்புறம் சரக்கு எடு. 22 வயதில் கருவி மீதான ஆசையில் அதை மறந்துவிட்டார். யாரும் வாங்க விரும்பாத பொருளை இனி கண்டுபிடிப்பதில்லை என்று அப்போது முடிவெடுத்தார்.

அடுத்து அவர் கை வைத்தது பங்குச் சந்தை விலைகளை அச்சடிக்கும் கருவியில். அதற்கு வாங்குபவர்கள் வரிசையில் நின்றார்கள். 1876-ல் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் உருவானது. 1877-ல் ஃபோனோகிராஃப், 1879-ல் நீண்ட நேரம் எரியும் மின்விளக்கு, 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் என்று வரிசையாக வந்தன. மொத்தம் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகள்.

எங்கே சறுக்கினார்?

தானாகப் படித்ததில் பலம் இருந்தது போலவே ஓட்டையும் இருந்தது. பெரிய ஓட்டை கணிதம். அதை அவர் மறைக்கவில்லை. 1878-ல் பிரான்சிஸ் அப்டன் என்ற பட்டதாரியை வேலைக்கு எடுத்தார். முறையாகக் கணிதமும் இயற்பியலும் படித்தவர் அப்டன். மின்விநியோகத்துக்கு எவ்வளவு தாமிரக் கம்பி தேவை, விளக்கின் மின்தடை எவ்வளவு இருந்தால் கட்டுப்படியாகும் போன்ற கணக்குகளைப் போட அவர் தேவைப்பட்டார். விளக்கு வெற்றி பெற்றதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் எல்லா இடத்திலும் எடிசன் இவ்வளவு பணிவாக இருக்கவில்லை. மாறுதிசை மின்னோட்டம்தான் தொலைதூரத்துக்கு ஏற்றது என்று மற்றவர்கள் நிரூபித்துக்கொண்டிருந்தபோது, தன் நேர்திசை முறையையே பிடித்துக்கொண்டு நின்றார். எதிர் முறை ஆபத்து என்று காட்ட, விலங்குகளை மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற சோதனைகளுக்குத் தன் ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுத்தார். கடைசியில் தோற்றார். 1892-ல் அவர் தொடங்கிய நிறுவனம் வேறொன்றோடு இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனபோது, பெயரில் இருந்து எடிசனே காணாமல் போனார்.

தானே கற்றுக்கொண்டவர்களுக்கு வரும் ஆபத்து இது. தன் கையால் செய்து பார்த்ததை மட்டுமே நம்பும் பழக்கம், அடுத்தவர் சொல்வது சரியாக இருக்கும்போதும் காதை மூடவைக்கும்.

இன்றைய வகுப்பறைக்கு இதில் என்ன இருக்கு?

தேசிய கல்விக் கொள்கை 2020, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான காலத்தில் 10 நாட்கள் புத்தகப் பை இல்லாமல், உள்ளூர்க் கைவினைஞர்களிடம் தொழில் பழகும் ஏற்பாட்டைச் சொல்கிறது. உலகம் முழுக்கவே நடுநிலைப் பள்ளி மாணவர்களைச் சின்னத் தொழில் திட்டங்கள் மூலம் படிக்கவைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. எடிசனின் பேப்பர் நாட்களைப் பார்த்தால், அப்படி ஒரு திட்டம் பலன் தர என்ன வேணும் என்று தெரியும்.

- கணக்கு நிஜமாக இருக்கணும்: 300-க்கா, 1,000-க்கா என்று தானே முடிவெடுத்து, மீந்தால் இழப்பு என்ற நிலை இருந்ததால்தான் யோசித்தான். பெற்றோர் மட்டுமே வாங்கும் பள்ளிச் சந்தையில் அந்த யோசனை வராது.

- இழப்பு சின்னதாக இருக்கணும்: பத்திரிகைக் கடை மூடியதால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரவில்லை.

- பக்கத்திலேயே நூலகம் இருக்கணும்: விற்பனை கேள்விகளைக் கொடுத்தது. பதில் புத்தகத்தில் இருந்தது.

- கேட்டால் சொல்லித்தர ஒரு பெரியவர் வேணும்: அம்மா நான்சி, பிறகு மெக்கன்சி.

- பாதுகாப்பு விதி வேணும்: பாஸ்பரஸ் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டியவர் நான்சிதான். தன் பிள்ளை மீது ஒருவர் குத்திய முத்திரையை ஏற்காமல், மாற்று வழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர். 12 வயதில் அனுப்ப மனசில்லாமல் அனுப்பியவர். அவர் 1871-ல் இறந்தபோது மகனுக்கு 24 வயது. ஃபோனோகிராஃபையும் பார்க்கவில்லை, மின்விளக்கையும் பார்க்கவில்லை.

எடிசன் 1931 அக்டோபர் 18-ல், 84-வது வயதில் நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் இறந்தார். தன்னை உருவாக்கியது அம்மாதான் என்று கடைசி வரை சொல்லிவந்தார். அடுத்த முறை அந்தக் கடிதக் கதை உங்கள் மொபைலுக்கு வந்தால், ஃபார்வேர்டு பண்ணுவதற்கு முன்பு யோசியுங்கள். மகனிடம் எதையும் மறைக்காமல், பள்ளிக்கே போய்ச் சண்டை போட்ட அம்மாவின் கதை அதைவிட நல்ல கதை. அது உண்மையும்கூட.